புட்டிக்கு எத்தனை குவிண்டால்?

“எக்கனாமிக்ஸா? ஏன், வேற சீட் எதுவும் கிடைக்கலையா?”

சூளூர்பேட்டையில் பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் இன்றைக்கும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். நான் கேட்டுக் கேட்டு அலுத்தது. இப்போது என் அக்கா மகளின் முறை. இன்டர் முடித்திருக்கிறாள், கணக்கில் நல்ல மார்க். இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு பி.டெக். போகாமல் பி.ஏ. என்கிறாளே என்று வீட்டில் ஒரே ரகளை. “சித்தி, நீ அப்பாகிட்ட கொஞ்சம் பேசேன்” என்று போன் செய்தாள்.

அக்கா வீட்டுக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் அப்படி. கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 1971-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய நாள் முதல் ஊருக்கு ஒரே கனவுதான்: பிள்ளை ‘ஷார்’ல (அந்த ராக்கெட் தளத்துக்கு ஊரில் அதுதான் பேர்) சேரணும். தெற்கே தடா பக்கம் ஸ்ரீசிட்டி. இசூசு வண்டியிலிருந்து சாக்லேட் வரை, சென்னை மெட்ரோ ரயில் பெட்டி வரை அங்கே தயாராகிறது. ராக்கெட்டுக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து தேவை, அளிப்பு என்று படிக்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அவளுக்கு வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது வாட்ஸப்பில் அடங்குகிற சங்கதியாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். படிப்பது எந்த சப்ஜெக்ட் என்பதைவிட, நடத்துகிறவர் உன்னைக் கவனிக்கிறாரா என்பதுதான் பெரிது. பொருளாதாரத்தில் அது இரண்டு மடங்கு பெரிது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் டிகிரி படித்த இடத்தில் பொருளாதாரம் என்றால் டிக்டேஷன். சார் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். தேவை விதியின் வரையறை, அதற்கு ஏழு விதிவிலக்கு, வங்கியின் பணிகள் பத்து. பரீட்சைக்கு அது போதும், மார்க்கும் வந்தது. ஆனால் எங்கள் அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டின்போது நெல் விலை, ஈரம், தரகு, லாரி வாடகை என்று பேசிக்கொண்டே இருப்பார். அவர் பேசுவதும் நான் நோட்டில் எழுதுவதும் ஒரே விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றும்படி யாரும் நடத்தவில்லை.

2008-ல் எம்.ஏ.வுக்குத் திருப்பதி, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். 1954-ல், ஆந்திர மாநிலம் பிரிந்த மறு வருஷமே தொடங்கியது. அப்போது எங்கள் ஊர் நெல்லூர் மாவட்டம். திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்ததெல்லாம் 2022-ல்தான். நாயுடுபேட்டை, காளஹஸ்தி வழியாக பஸ். வகுப்பில் கடப்பா, அனந்தபூர், சித்தூர் பிள்ளைகள். தெலுங்கு மீடியத்தில் படித்தவர்கள் பாதிக்கு மேல். நான் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ். இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம்.

முதல் வகுப்பில் சார் பேர் கேட்கவில்லை. ஊர் கேட்டார். “உங்க ஊர்ல என்ன விளையுது? யார் வாங்குறாங்க? என்ன விலை?” சித்தூர்க்காரன் பெங்களூரா மாம்பழம் என்றான், கூழ் ஃபேக்டரிக்குப் போகிற மாம்பழம். அனந்தபூர்க்காரி வேர்க்கடலை என்றாள். கடப்பாக்காரன் கொஞ்சம் யோசித்து, “கல்லு சார்” என்றான். எல்லாரும் சிரித்தோம், சார் சிரிக்கவில்லை. கடப்பாக் கல்லை யார் வெட்டுகிறார்கள், குவாரி யாருடையது, கூலி நாளுக்கா சதுர அடிக்கா என்று கேட்க ஆரம்பித்தார். அவனுக்குத் தெரியவில்லை. “தீபாவளிக்கு ஊருக்குப் போவ இல்ல? கேட்டுட்டு வா.” அவ்வளவுதான். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. ஆனால் தீபாவளி முடிந்து வந்ததும் மறக்காமல் கேட்டார்.

சார் நகரி பக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். எனக்கு இரண்டு வருஷமும் பேரே கிடையாது. “ஏம்மா சூளூர்பேட்டை!”

இரண்டாம் வருஷம் விவசாயப் பொருளாதாரம். நெல்லுக்கு அந்தப் பருவத்தில் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை 950, மேலே போனஸ் 50, ஆக குவிண்டாலுக்கு 1,000 ரூபாய். சார் என்னைப் பார்த்தார். “சூளூர்பேட்டை, உங்க விவசாயிக்கு 1,000 ரூபா கிடைச்சுதா?” நான் சொன்னேன்: “சார், எங்க ஊர்ல யாரும் குவிண்டால்ல பேச மாட்டாங்க. புட்டிதான்.”

“புட்டிக்கு எத்தனை குவிண்டால்?”

அது எனக்கு அப்பா புண்ணியத்தில் தெரியும். நெல்லூர்ப் பக்கத்தில் ஒரு புட்டி 850 கிலோ. குண்டூர்ப் பக்கம் போனால் 75 கிலோ மூட்டைக் கணக்கு. டெல்லியில் குவிண்டால். அப்படியானால் ஒரு புட்டிக்கு 8,500 ரூபாய் வரவேண்டும். வருகிறதா என்று சார் என்னை போர்டுக்கு அழைத்து எழுத வைத்தார். அரசு கொள்முதலில் ஈரம் 17 சதவீதம் வரை ஒத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் முக்கிய அறுவடை மார்ச், ஏப்ரலில். எல்லாரும் ஒரே வாரத்தில் அறுப்பார்கள், மெஷின் அறுப்பு, காயப்போடக் களம் கிடையாது. நெல் ஈரமாகவே வண்டியில் ஏறும். வாங்குகிறவர் விலையைக் குறைக்க மாட்டார். புட்டிக்குக் கூடுதலாக இத்தனை கிலோ போடு என்பார். காகிதத்தில் விலை அப்படியே இருக்கும், புட்டி மட்டும் பெருத்துக்கொண்டே போகும்.

போர்டில் இதை எழுதி முடித்தபோதுதான் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்ன கதைகள் எல்லாம் எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று எனக்குப் புரிந்தது. சார் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: “ஆதரவு விலை கிடைச்சுதான்னு சர்வே எடுக்கப் போறவன் குவிண்டால் விலையை மட்டும் கேட்டா என்ன பதில் வரும்?” கிடைத்தது என்றுதான் வரும். எடையில் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

சார் ஒருவர் மட்டும் இல்லை. மைக்ரோ எடுத்த மேடம் வேறு ரகம். கவுட்சோயனிஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் நடத்துவார். (இந்தியாவில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தத் தடிப் புத்தகத்தைத் தெரியும். அது புரியாதவர்களுக்கு அஹுஜா. அதுவும் புரியாதவர்களுக்கு பஜார் நோட்ஸ்.) பி.ஏ.வில் கணக்கு எடுக்காதவர்களுக்குத் தனியாகக் காலை வகுப்பு வைத்தார். ஹாஸ்டல் மெஸ்ஸில் டிபன் தொடங்குவதற்குள் லக்ராஞ்சியன் போட்டு முடிக்க வேண்டும். கூடுதல் சம்பளம் எதுவும் அவருக்குக் கிடையாது.

மேடத்துக்குத் திருப்பதிதான் ஆய்வுக்கூடம். “மலை மேல சர்வதரிசனம் ஃப்ரீதானே? விலை இல்லைதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றான் அனந்தபூர்ப் பையன் ஒருத்தன். “உங்க நாயனா ஒரு நாள் கூலிக்குப் போனா எவ்ளோ வரும்? கம்பார்ட்மென்ட்ல ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தா அது போச்சு இல்ல?” ஆக இலவச தரிசனத்துக்கும் விலை உண்டு, அது நேரத்தில் கட்டுகிற விலை. கட்டண தரிசனத்தில் காசில் கட்டுகிறோம். இப்போது அது 300 ரூபாய். சம்பளக்காரனுக்கு நேரம் அதிக விலை, காசு குறைந்த விலை, கூலிக்காரனுக்கு நேர்மாறு. இரண்டு வரிசை வைத்தால் ஒவ்வொருவரும் தனக்கு மலிவானதில் போய் நிற்பார். சரி, அப்படியானால் இரண்டு வரிசை வைப்பது நியாயமா? “அதை எக்கனாமிக்ஸ் சொல்லாது. நீங்க சொல்லுங்க” என்று விட்டுவிட்டார். அந்தச் சண்டை கேன்டீன் வரை நீண்டது. எனக்குள் அது இன்னும் முடியவில்லை.

நாங்கள் சேர்ந்த 2008-லேயே, அக்டோபர் 22-ஆம் தேதி, முதல் சந்திரயான் போனது. அடுத்த வகுப்பில் மேடம் நேராக என்னிடம் வந்தார். “ராக்கெட் விடும்போது உங்க ஊர்ல என்ன பண்ணுவீங்க?” மாடியில் ஏறி நிற்போம் என்றேன். “யாராவது டிக்கெட் கேட்பாங்களா?” இல்லை. “பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துட்டா உனக்குக் குறைஞ்சிடுமா?” இல்லை. “எழுதிக்கோங்க, இதுதான் பொதுப் பண்டம். காசு கொடுக்காதவனைத் தடுக்க முடியாது. ஒருத்தர் அனுபவிச்சா இன்னொருத்தருக்குக் குறையாது.” 1954-ல் பால் சாமுவேல்சன் இதைக் கணிதமாக எழுதினார், நம் பல்கலைக்கழகம் ஆரம்பித்த அதே வருஷம் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ராக்கெட். சாமுவேல்சனுக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கில்பர்ட் ஸ்லேட்டர் கதையை சார் எங்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை.

ஸ்லேட்டர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கிற ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1915-ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வந்தவருக்கு இந்தியக் கிராமம் எப்படி இருக்கும் என்று தெரியாது. புத்தகமும் அதிகம் இல்லை. அவர் செய்த காரியம் இது: ஒரு கேள்வித்தாள் தயாரித்து, லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவர்கள் கையில் கொடுத்தார். உன் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏர், யாரிடம் நிலம், யாருக்குக் கடன், வட்டி என்ன, கூலி நெல்லாகவா காசாகவா. மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். 1918-ல் அது புத்தகமாக வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூசி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, திருநெல்வேலிச் சீமையில் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம் எல்லாம் அதில் உண்டு.

புத்தகம் வந்ததோடு அது நின்றுவிடவில்லை. 1936, 37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். அறுபதுகளில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் போனார்கள். 2008-ல், நாங்கள் சேர்ந்த அதே வருஷம், ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குத் திரும்பவும் போனார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறு வருஷம் தொடர்ந்து பார்த்தது உலகத்திலேயே அபூர்வம். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படி உடைந்தது, சாதி எங்கே தளர்ந்தது, எங்கே தளரவில்லை என்றெல்லாம் ஊரின் பெயரோடு சொல்ல முடிகிறது. அத்தனைக்கும் அடி, லீவுக்கு வீட்டுக்குப் போன சில காலேஜ் பையன்கள்.

“அந்தப் பட்டியல்ல சூளூர்பேட்டை இல்லையே சார்” என்றேன்.

“நீ எழுதலையே, எப்படி இருக்கும்?” என்றார். எங்கள் ஊரும் அன்றைக்கு மெட்ராஸ் ராஜதானிதான், அதனால் ஸ்லேட்டரைச் சாக்கு சொல்ல முடியும். ஆனால் சார் சொன்ன தொனியில் சாக்கு எதுவும் எடுபடாது.

2009 அக்டோபரில் எலினோர் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளாதார நோபல் அறிவித்தார்கள். வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். இதில் ஒரு வேடிக்கை, அவர் பொருளாதாரக்காரரே இல்லை, அரசியல் அறிவியல் படித்தவர். பல பேராசிரியர்களுக்கே அவர் பெயர் புதிது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் சாரிடம் அவருடைய 1990 புத்தகத்தின் ஒரு ஜெராக்ஸ் இருந்தது, விளிம்பெல்லாம் மஞ்சளாகி. “படி. உங்க ஊர் ஏரி இதுல இருக்கு” என்று கொடுத்தார்.

ஏரி அதில் இல்லை. துருக்கியில் அலான்யா என்று ஒரு மீன்பிடி ஊர் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் யார் யார் மீன் பிடிக்கலாம் என்று பட்டியல் போடுகிறார்கள். கடலில் வலை போடுகிற ஒவ்வோர் இடத்துக்கும் பேர். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று எடுக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை மேற்கே. நல்ல இடம், மோசமான இடம் இரண்டும் எல்லாருக்கும் வரும். சர்க்கார் இல்லை, தனியார் சொத்தும் இல்லை, ஆனாலும் அடிதடி இல்லாமல் நடக்கிறது. பொதுவில் கிடப்பதை ஆளாளுக்கு அள்ளித் தீர்த்துவிடுவார்கள், ஒன்று அரசு எடுக்க வேண்டும், இல்லை தனியாருக்கு விற்க வேண்டும் என்று 1968-ல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையைத்தான் அதுவரை எல்லாரும் வேதமாக வைத்திருந்தார்கள். ஆஸ்ட்ரோம் ஊர் ஊராக உதாரணம் காட்டி, மூன்றாவது வழியும் உண்டு என்றார்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது பாடு! பழவேற்காட்டில் தாய்மாமா வீட்டுக்குச் சின்ன வயசில் லீவுக்குப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன்: “இன்னிக்கு யார் பாடு?”

டிசம்பரில் தெலங்கானா தனி மாநில அறிவிப்பு வந்தது. 9-ஆம் தேதி ராத்திரி உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் டெல்லியில் பேசினார், மறுநாள் முதல் இந்தப் பக்கம் முழுக்க அதை எதிர்த்துப் போராட்டம். எங்கள் வளாகமும் அதில் இறங்கியது, வகுப்புகள் நின்றன, பஸ் நின்றது. சார் எங்களைக் கூப்பிட்டார். எந்தப் பக்கம் சரி என்று அவர் பேசவே இல்லை. “ஊருக்குத்தானே போறீங்க? ஸ்லேட்டர் பசங்களும் அப்படித்தான் போனாங்க. டெசர்டேஷனை அங்கேயே முடிச்சுட்டு வாங்க.” ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்துக் கேள்வி எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தார். என்னுடையதில் ஆறை அடித்துவிட்டார். “ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வியால என்ன புண்ணியம்?”

சூளூர்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். ஏரி ஒன்றுதான், வடக்கே பெரும் பகுதி ஆந்திரா, தெற்கே முகத்துவாரம் தமிழ்நாடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அவர்களின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் மீன் மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மழைக்காலம் முடிந்து இறால் பிடிக்கிற நேரம். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கழி நட்டு வலை கட்டுவார்கள். நீர் வற்றி இறங்கும்போது இறால் வலைக்குள் வரும். எந்த நாள் எந்த ஊர்க்காரர்களுக்கு, அந்த ஊரில் யார் வலை எந்த இடத்தில் என்பது முறை வைத்தும் சீட்டுப் போட்டும் முடிவாகும். இதற்குத்தான் பாடு என்று பேர். மாமாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மணலில் குச்சியால் வரைந்து காட்டினார். முறை தப்பி வலை போட்டால் ஊர்ப் பஞ்சாயத்து, அபராதம். “கோர்ட்டு, போலீஸ் எதுவும் வேணாம்மா. சீட்டு சொன்னா சொன்னதுதான்.” மீனவச் சாதியான பட்டினவர் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறை. நோட்டு நிறைய எழுதினேன். அலான்யாவையும் பழவேற்காட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஆஸ்ட்ரோம் சொன்ன எட்டு விதிகளும் எப்படிப் பொருந்துகின்றன என்று அட்டவணை போட்டு, சுத்தமாக டைப் செய்து, வகுப்புகள் மறுபடி தொடங்கியதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் முழுவதும் படித்திருந்தார். எழுத்துப்பிழை வரை திருத்தியிருந்தார். கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு வரி: ‘சீட்டில் யார் பேர் இல்லை?’

அவ்வளவுதான். இது தப்பு என்றும் இல்லை, மாற்று என்றும் இல்லை. திரும்பவும் பழவேற்காட்டுக்குப் போனேன். இந்த முறை பெரியவரிடம் போகவில்லை. ஏரி ஓரத்துச் சேற்றில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டு, ஓலைக் கூடையைப் பல்லில் கவ்வியபடி, இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்கிறார்கள். சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள்தான். ஆந்திரப் பக்கத்தில் யானாதிகள் அதையே செய்கிறார்கள். ஓர் அம்மாவிடம் பாடு பற்றிக் கேட்டேன். “அது அவங்களுது. வலை கட்டற இடத்துக்கு நாங்க போறதில்ல. ஓரமா தடவிக்குவோம்” என்றார். வலையும் கிடையாது, சீட்டும் கிடையாது. பட்டினவர் வீட்டு ஆண்களுக்குள்ளேயே முறை சுற்றி வருகிறது. பெண்கள் பேரும் அதில் வராது.

ஆஸ்ட்ரோமின் முதல் விதி என்ன தெரியுமா? யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எல்லை இருப்பதால்தான் ஏரி பிழைக்கிறது, ஆளாளுக்கு வலை போட்டால் இறால் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் உட்கார்ந்து படித்தால் அது வெறும் எல்லை. இங்கே அந்த எல்லை சாதியின் மேல் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இது மிக நியாயமான ஏற்பாடு. வெளியே இருப்பவருக்கு அதுதான் சுவர். இரண்டும் உண்மை. என் அட்டவணையில் முதல் பாதி மட்டும் இருந்தது. மறுபடி எழுதியபோது பக்கம் குறைந்தது, ஆனால் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

கவனிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். செல்லம் கொடுப்பது இல்லை. சார் என்னைப் பாராட்டிய ஞாபகமே இல்லை. ஒரு மாணவி எழுதியதைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது, எந்த ஊரிலிருந்து வந்தாள் என்று ஞாபகம் வைத்திருப்பது, அவளுக்குத் தெரிந்ததில் தெரியாததை எடுத்து முன்னால் வைப்பது. மற்ற படிப்புகளுக்கு லேப் இருக்கிறது. பொருளாதாரத்துக்கு நீ வளர்ந்த ஊர்தான் லேப். அதன் கதவை யாராவது திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரை வரையறைதான்.

இது எங்கள் சார் கண்டுபிடித்ததும் இல்லை. தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் நாற்பதுகளில் மால்கம் ஆதிசேஷையா பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் கே.என். ராஜ். ராஜ் அப்புறம் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, 26 வயசில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுகிற வேலையில் உட்கார்ந்தார். ஆதிசேஷையா யுனெஸ்கோவில் பெரிய பதவிக்குப் போய், திரும்பி வந்து 1971-ல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ராஜ் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியதும் அதே சமயத்தில். ஒரு வாத்தியாரும் அவருடைய மாணவரும் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாரால் என் கடைசிப் பக்கத்தைப் படிக்க முடிந்தது வகுப்பு சிறியதாக இருந்ததால். அவர் நிரந்தர வேலையில் இருந்தார், அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இப்போது மாநிலப் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ இடம் காலியாகக் கிடக்கிறது. ஓய்வு பெறுகிறவர் நாற்காலியில் கௌரவ விரிவுரையாளரை உட்கார வைத்து, மணிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் எங்கே உட்கார்ந்து எழுபது டெசர்டேஷன் படிப்பார்? கவனிப்பும் விலை உள்ள பண்டம்தான், அந்த விலையைக் கொடுக்காமல் வாத்தியார்கள் முன்போல் இல்லை என்று புலம்புவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வேலை? அதையும் கேட்பார் அக்கா வீட்டுக்காரர். என் வகுப்பில் பேங்குக்குப் போனவர்கள் உண்டு, குரூப் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போனவர்கள் உண்டு, நெட் பாஸ் செய்து பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. கடப்பாக் கல் பையன் புள்ளியியல் துறையில் இருக்கிறான். ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ஒய்.வி. ரெட்டி அதே கடப்பா மாவட்டத்துக்காரர். மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் எம்.ஏ. எக்கனாமிக்ஸ். இதை மட்டும் உன் அப்பாவிடம் சத்தமாகச் சொல், வேலை செய்யும்.

மற்றபடி காலேஜ் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு யோசனை. ரேங்க், கட்டடம், பிளேஸ்மென்ட் போஸ்டர் எல்லாம் இருக்கட்டும். துறைக்கு நேராகப் போய், பழைய மாணவர்களின் டெசர்டேஷன் அலமாரியைத் திறந்து காட்டச் சொல். தலைப்பெல்லாம் ஒரே அச்சாக, ஊர்ப் பேரை மட்டும் மாற்றிப் போட்டது மாதிரி இருந்தால் வேறு இடம் பார். உள்ளே புரட்டு. ஓரத்தில் யாராவது பேனாவால் எழுதியிருக்கிறார்களா என்று பார். சனிக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன், திருப்பதிக்குச் சேர்ந்தே போகலாம். விடியற்காலை பஸ்ஸுக்கு வந்துவிடு. தாமதமானால் மலைக்குப் போகிற கூட்டத்தில் காளஹஸ்தி வரை நின்றுகொண்டேதான் போக வேண்டும். கணக்கு மார்க் ஷீட்டை மறக்காதே, அதைப் பார்த்தால் எந்த மேடமும் முகம் மலர்வார்.